எலக்ட்ரானை எண்ணி மூலக்கூறை அறிவது: மின்வேதி உயிர் உணரிகள், ஓர் எளிய விளக்கம்

ரத்தச் சர்க்கரை பார்க்கும் சிறிய கருவியை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்போம். விரல் நுனியில் ஒரு குத்து, பட்டையின் ஓரத்தில் ஒரு துளி ரத்தம், சில விநாடிகளில் திரையில் ஓர் எண். அந்தத் துளியில் சிவப்பணுக்கள், புரதங்கள், கொழுப்பு, உப்புகள், வைட்டமின்கள், விழுங்கிய மாத்திரையின் மிச்சம் என்று ஆயிரக்கணக்கான பொருள்கள் கலந்து கிடக்கின்றன. அத்தனைக்கும் நடுவில் குளுக்கோஸை மட்டும் அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுவும் நுண்ணோக்கி இல்லாமல், ஒரு பட்டன் பேட்டரியில் ஓடிக்கொண்டு?

கருவிக்குள் நடப்பது மின்சார அளவீடு. ரத்தம் படும் இடத்தில் ஒரு மின்முனை இருக்கிறது. அது எலக்ட்ரான்களை வாங்கும், கொடுக்கும், எண்ணும். அந்த எண்ணிக்கை மிகத் துல்லியமானது. ஆனால் வந்து சேரும் எலக்ட்ரான் எந்த மூலக்கூறு கொடுத்தது என்று மின்முனைக்குத் தெரியாது. குளுக்கோஸிலிருந்து வந்தாலும் வைட்டமின் சி-யிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். இந்தத் துறையில் இதுவரை நடந்த பெரும்பாலான நல்ல வேலைகள் இந்த ஒரு குறையைச் சுற்றியே நடந்திருக்கின்றன. அதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், புதிராகத் தெரியும் பல நுணுக்கங்கள் ஏன் தேவைப்பட்டன என்பது தானாகவே விளங்கும்.

மின்முனையில் நடப்பது

உப்புக் கரைசலில் ஒரு பிளாட்டினத் துண்டையோ கார்பன் துண்டையோ வைத்து, அதற்கு ஒரு மின்னழுத்தம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கரைசலில் உள்ள சில மூலக்கூறுகள் அந்த அழுத்தத்தில் தம்மிடம் உள்ள எலக்ட்ரானை மின்முனைக்குக் கொடுத்துவிடும். இது ஆக்சிஜனேற்றம். வேறு சில மூலக்கூறுகள் மின்முனையிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். இது ஒடுக்கம். எந்த மூலக்கூறு எந்த அழுத்தத்தில் இசையும் என்பது அதனதன் இயல்பு. இப்படிக் கைமாறும் எலக்ட்ரான்கள் கம்பி வழியாக ஓடும்போது நமக்கு மின்னோட்டமாகத் தெரிகின்றன. நிறைய மூலக்கூறு வந்தால் நிறைய மின்னோட்டம்.

இந்த உறவு வெறும் தோராயம் இல்லை. ஒரு மோல் எலக்ட்ரான்களின் மொத்த மின்னூட்டம் 96,485 கூலும். ஃபாரடே மாறிலி என்பது இதுதான். இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பட்டை 0.3 மைக்ரோலிட்டர் ரத்தத்தை உறிஞ்சுகிறது. அதில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம். அப்படியானால் அந்தத் துளியில் இருக்கும் குளுக்கோஸ் 0.3 மைக்ரோகிராம். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. எனவே நம்மிடம் இருப்பது சுமார் 1.67 நானோமோல், அதாவது ஏறக்குறைய பத்து கோடி கோடி மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான் கொடுக்கும். பெருக்கிப் பார்த்தால் சுமார் 320 மைக்ரோகூலும் வருகிறது. ஊசிமுனை அளவு ரத்தத்திலிருந்து வரும் இந்த மின்னூட்டத்தைச் சாதாரண மின்னணுச் சுற்று சிரமமில்லாமல் அளந்துவிடும். மின்வேதி முறை இவ்வளவு மலிவாகவும் சிறியதாகவும் ஆனதற்கு இந்தக் கணக்குதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். ஒளியை வைத்து அளக்கும் முறைகளுக்கு விளக்கு, கண்டறிவான், தெளிவான மாதிரி எல்லாம் வேண்டும். இங்கே கலங்கிய சிவப்பு ரத்தமே போதும்.

ஆய்வகத்தில் மின்முனை ஒன்றுக்கு மூன்றாக இருக்கும். வினை நடப்பது வேலை மின்முனையில். இந்த மின்முனைக்கு 0.4 வோல்ட் கொடுத்தேன் என்று சொன்னால், எதை ஒப்பிட்டு 0.4 என்ற கேள்வி வரும். அந்த ஒப்பீட்டுக்காக அழுத்தம் மாறாத ஒரு குறிப்பு மின்முனை வேண்டும். வெள்ளிக் கம்பியின் மேல் வெள்ளி குளோரைடு பூசியது பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கிறது. குறிப்பு மின்முனை வழியாக மின்னோட்டம் ஓடினால் அதன் அழுத்தமே நகர்ந்துவிடும் என்பதால், மின்னோட்டத்தைச் சுமக்க மூன்றாவதாக ஓர் எதிர் மின்முனை. இம்மூன்றையும் கட்டுப்படுத்தும் கருவிக்குப் பெயர் பொட்டென்ஷியோஸ்டாட். ரத்தச் சர்க்கரைப் பட்டையில் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது. அதனால் கடைசி இரண்டையும் ஒன்றாக்கி இரண்டே மின்முனைகளோடு வேலையை முடித்துக்கொள்வதும் உண்டு.

இன்னொரு நுணுக்கம். அழுத்தம் கொடுத்த அந்தக் கணத்தில் மின்னோட்டம் குபீரென்று எகிறும். அதில் பெரும்பகுதி வேதிவினையால் வருவது இல்லை. மின்முனையை ஒட்டி அயனிகள் வந்து அடுக்காகச் சேர்வதால் வருவது. மின்தேக்கி மின்னேற்றம் பெறுவதைப் போன்றது. அது மிக வேகமாகத் தணிந்துவிடும். வினையால் வரும் மின்னோட்டமோ மெல்லத்தான் குறையும்: நேரம் நான்கு மடங்கானால் மின்னோட்டம் பாதி. ஆகவே கொஞ்சம் பொறுத்திருந்து அளந்தால் பொய்யான பங்கு அடங்கி, உண்மையான பங்கு மிஞ்சும். கருவி சில விநாடிகள் காத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடையாளம் காண ஒரு நொதி

சரி, எண்ணுவதற்கு வழி கிடைத்துவிட்டது. யாருடையதை எண்ணுகிறோம் என்பதுதான் சிக்கல்.

1950-களில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் லேலண்ட் கிளார்க் ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்க முயன்றுகொண்டிருந்தார். ஆக்சிஜன் பிளாட்டினத்தில் நன்றாக ஒடுக்கம் அடையும். ஆனால் ரத்தத்தின் புரதங்கள் பிளாட்டினத்தில் ஒட்டி அளவைக் கெடுத்துவிடும். அவர் மின்முனையையும் குறிப்பு மின்முனையையும் சேர்த்து ஒரு மெல்லிய பாலிஎத்திலீன் படலத்தால் மூடினார். ஆக்சிஜன் படலத்தைக் கடந்து உள்ளே போகும், புரதம் வெளியே நின்றுவிடும். இந்த ஆக்சிஜன் மின்முனையை 1956-இல் வெளியிட்டார். பிறகு 1962-இல் லயன்ஸ் என்பவரோடு சேர்ந்து அதன் மேல் இன்னொரு அடுக்கைச் சேர்க்கும் யோசனையை முன்வைத்தார். அந்த அடுக்கில் இருந்தது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. மின்வேதி உயிர் உணரிகளின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த நொதி ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து எடுக்கப்படுவது. குளுக்கோஸை ஆக்சிஜனோடு வினைபுரியவைத்து குளுக்கோனோலாக்டோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்கும். மற்ற சர்க்கரைகளை அது பெரிதாகச் சீண்டாது. ஆகவே ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் குளுக்கோஸ் எவ்வளவு இருந்தது என்று சொல்லிவிடலாம். அல்லது பெராக்சைடு எவ்வளவு உண்டானது என்று பார்க்கலாம். அடையாளம் காணும் பொறுப்பு நொதிக்கு, எண்ணும் பொறுப்பு மின்முனைக்கு. இந்த வேலைப் பங்கீடுதான் உயிர் உணரி என்பதன் சாரம். நொதிக்குப் பதில் வேறு எதை வைத்தாலும் அமைப்பு மாறுவதில்லை. 1967-இல் அப்டைக், ஹிக்ஸ் இருவரும் நொதியை ஒரு கூழ்மத்தில் சிறைப்படுத்தி மின்முனை மேல் நிறுத்திக் காட்டினார்கள். 1975-இல் பெராக்சைடை அளக்கும் ஆய்வகக் கருவி விற்பனைக்கு வந்தது.

ஆனால் அந்த முறையில் இரண்டு தொந்தரவுகள். பெராக்சைடை பிளாட்டினத்தில் ஆக்சிஜனேற்றம் செய்ய, வெள்ளி குளோரைடு குறிப்போடு ஒப்பிட்டு 0.6 முதல் 0.7 வோல்ட் வரை கொடுக்கவேண்டும். அந்த அழுத்தத்தில் வைட்டமின் சி, யூரிக் அமிலம், பாராசிட்டமால் ஆகியவையும் எலக்ட்ரானைக் கொட்டிவிடும். மின்முனை அவற்றையும் சேர்த்து எண்ணிவிடும். இது ஒன்று. வினைக்கு ஆக்சிஜன் வேண்டும், ரத்தத்தில் கரைந்துள்ள ஆக்சிஜனோ குளுக்கோஸைவிட மிகக் குறைவு. அளவும் ஆளுக்கு ஆள் மாறும். இது இன்னொன்று.

அப்படியானால் ஆக்சிஜனை விட்டுவிட்டு, நொதியிலிருந்தே எலக்ட்ரானை மின்முனைக்கு எடுத்துக்கொள்ளலாமே? முடியவில்லை. எலக்ட்ரான் தங்கும் இடம் நொதியின் மேற்பரப்பிலிருந்து ஒரு நானோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருக்கிறது. எலக்ட்ரான் தாவும் வாய்ப்பு தூரத்தோடு மிகக் கடுமையாகச் சரியும் என்பதால், அங்கிருந்து அது தானாக மின்முனைக்கு வராது. இடையில் ஓடித் திரிய ஒரு சிறிய மூலக்கூறு வேண்டும்: நொதிக்குள் நுழைந்து எலக்ட்ரானை ஏற்றிக்கொண்டு மின்முனையில் இறக்கிவிட்டுத் திரும்பும் ஒரு படகு. இதை மீடியேட்டர் என்கிறார்கள். 1984-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கிரான்ஃபீல்டு ஆய்வாளர்கள் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம் ஒன்றை இதற்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். 1987-இல் இந்த முறையில் இயங்கும், பேனா அளவிலான எக்ஸாக்டெக் என்ற ரத்தச் சர்க்கரைக் கருவி வந்தது. ஃபெரோசீன் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். ஆகவே வைட்டமின் சி போன்றவற்றின் குறுக்கீடும் குறைந்தது, ஆக்சிஜனை நம்பியிருப்பதும் குறைந்தது. ஒரே மாற்றத்தில் இரண்டு தொந்தரவுக்கும் மருந்து. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பின்னர் டெக்சாஸில் ஆடம் ஹெல்லர் குழுவினர் ஆஸ்மியம் சேர்மங்களை ஒரு பாலிமர் சங்கிலியில் கோத்து, மீடியேட்டர் கரைந்து போய்விடாமல் நொதியை மின்முனையோடு நிரந்தரமாகப் பிணைத்தார்கள். உடலில் ஒட்டிக்கொள்ளும் தொடர் கண்காணிப்பு உணரிகளுக்கு அது வழி திறந்தது.

அடையாளம் காணும் பகுதி தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. ஆக்சிஜன் தேவைப்படாத இன்னொரு நொதி குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ். அதன் ஒரு வகை, பி.க்யூ.க்யூ என்ற துணைக்காரணியோடு (நொதிக்குத் துணைநிற்கும் சிறு மூலக்கூறோடு) இயங்குவது, மால்டோஸ் போன்ற வேறு சர்க்கரைகளையும் ஏற்றுக்கொள்ளும். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் மால்டோஸ் மிகக் குறைவு என்பதால் பிரச்சினை தெரியவில்லை. ஆனால் வயிற்றறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிலருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற கரைசல் கொடுப்பார்கள். அது உடலில் உடைந்து மால்டோஸ் ஆகும். கருவி அதையும் குளுக்கோஸ் என்று எண்ணி அதிக அளவு காட்டியது. அதை நம்பி இன்சுலின் கொடுத்தபோது உண்மையான சர்க்கரை அபாயகரமாக இறங்கியது. 2009 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. 1997 முதல் அதுவரை இவ்வகைப் பட்டைகளோடு தொடர்புடைய 13 மரணங்கள் பதிவாகியிருந்தன. கருவியின் மின்னணுவில் எந்தக் கோளாறும் இல்லை. அது எண்ணியது சரி, எண்ணப்பட்ட பொருள்தான் வேறு.

எலக்ட்ரானே கொடுக்காத மூலக்கூறுகள்

குளுக்கோஸ் ஒரு வகையில் அதிர்ஷ்டமான இலக்கு. ரத்தத்தில் தாராளமாக இருக்கிறது, அதற்கென்று உறுதியான ஒரு நொதியும் இருக்கிறது. மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயர் உணர்திறன் ட்ரோபோனின் டி சோதனையில் லிட்டருக்கு 14 நானோகிராம் என்ற அளவைத் தாண்டினால் கவனிக்கவேண்டும் என்கிறார்கள். முன்பு சொன்ன அதே 0.3 மைக்ரோலிட்டர் துளியில் அந்த அளவுக்கு இருக்கும் ட்ரோபோனின் மூலக்கூறுகள் சுமார் 70 ஆயிரம்தான். குளுக்கோஸோ பத்து கோடி கோடி. இடைவெளி ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல். போதாததற்கு, ட்ரோபோனினை வினைபுரியவைத்து எலக்ட்ரான் கறக்க ஏற்ற நொதியும் இல்லை.

இங்கே உதவுவது ஆன்டிபாடி, அதாவது நம் நோய் எதிர்ப்பு அமைப்பு உண்டாக்கும் வகைப் புரதம். குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடித்துக்கொள்வதால் மட்டும் ஓர் எலக்ட்ரான்கூட நகராது. அதனால் ஒரு சுற்றுவழி: மின்முனையில் ஓர் ஆன்டிபாடியைப் பதித்து இலக்குப் புரதத்தைப் பிடிக்கவைப்பார்கள். அதே புரதத்தின் வேறோர் இடத்தைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியை ஒரு நொதியோடு இணைத்து அனுப்புவார்கள். ஒட்டாததைக் கழுவிவிட்டு, அந்த நொதிக்கான வினைப்பொருளைக் கொடுத்தால், பிடிபட்ட ஒவ்வொரு புரதத்துக்கும் பதிலாக அந்த நொதி நிற்காமல் மூலக்கூறுகளை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். மின்முனை அவற்றை எண்ணும். எழுபதாயிரம் என்ற சிறிய எண் இப்படித்தான் அளக்கக்கூடிய மின்னோட்டமாகப் பெருகுகிறது. கழுவும் படி சரியாக நடக்காவிட்டால் ஒட்டிக்கிடக்கும் நொதியும் சேர்ந்து பேசும், முடிவு பாழ். வீட்டிலேயே செய்யும் ட்ரோபோனின் சோதனை குளுக்கோஸ் பட்டையைப் போல எளிதாக வராததற்குப் பெரிய காரணம் இந்தக் கழுவல்தான்.

நொதியே இல்லாமல் செய்யும் முறையும் உண்டு. கரைசலில் ஃபெர்ரிசயனைடு போன்ற எளிதில் எலக்ட்ரான் மாற்றும் அயனியைப் போட்டு, மின்முனையில் ஒரு சிறிய மாறுதிசை அழுத்தம் கொடுத்து மின்மறுப்பை, அதாவது அந்த மின்னோட்டத்துக்கு எழும் தடையை, அளப்பார்கள். மின்முனைப் பரப்பில் புரதம் வந்து ஒட்ட ஒட்ட, அயனிகள் நெருங்குவது கடினமாகும், தடை கூடும். அழகான யோசனை. ஆனால் இங்கே பழைய குறை முழு வேகத்தில் திரும்பிவருகிறது: வேறு எந்தப் புரதம் ஒட்டினாலும் தடை கூடும்தானே. எலக்ட்ரானை எண்ணாமல் அழுத்தத்தை மட்டும் அளக்கும் வகையும் இருக்கிறது. பி.எச் மின்முனை அந்தக் குடும்பம். 25 டிகிரி செல்சியஸில் ஒரு பி.எச் மாற்றத்துக்கு சுமார் 59 மில்லிவோல்ட். யூரியாவைச் சிதைத்து அம்மோனியம் உண்டாக்கும் யூரியேஸ் நொதியை இத்தகைய மின்முனையின் மேல் வைத்தால் யூரியா உணரி கிடைத்துவிடும்.

டி.என்.ஏ-வைக் கொண்டு செய்யும் உணரிகள் வேறு தந்திரத்தைக் கையாள்கின்றன. 1990-களின் தொடக்கத்தில், தேவையான மூலக்கூறைப் பிடிக்கும் ஆர்.என்.ஏ, டி.என்.ஏ இழைகளைக் கோடிக்கணக்கான தற்செயல் இழைகளிலிருந்து சலித்தெடுக்கும் முறை உருவானது. இப்படிக் கிடைப்பவை ஆப்டாமர்கள். அப்படி ஓர் இழையின் ஒரு முனையை கந்தகப் பிணைப்பால் தங்க மின்முனையில் நட்டு, மறுமுனையில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கட்டுவார்கள். இலக்கு வந்து ஒட்டியதும் இழை வடிவம் மாற, சாயம் மின்முனைக்கு அருகிலோ தூரத்திலோ நகரும். எலக்ட்ரான் தாவும் வேகம் மாறும். 2003-இல் பிளாக்ஸ்கோ, ஹீகர் குழுவினர் டி.என்.ஏ வரிசைகளைக் கண்டறிய இதே அடிப்படையில் ஓர் உணரி செய்து காட்டினார்கள். ஏதோ ஒரு புரதம் சும்மா மேலே வந்து படிந்தால் இழை மடங்காது என்பதால், மின்மறுப்பு முறையைவிட இது ரத்தத்தில் நம்பகமாக இருக்கிறது.

ரத்தம் என்ற கடினமான இடம்

புதிய உணரியைப் பற்றிய செய்திகளில், இவ்வளவு சிறிய அளவைக்கூடக் கண்டறிந்தோம் என்ற எண் பெரிதாக வரும். அந்த எண் எதில் அளக்கப்பட்டது என்று பாருங்கள். சுத்தமான தாங்கல் கரைசலில் (பி.எச் மாறாமல் வைத்திருக்கும் ஆய்வகக் கரைசலில்) அளந்திருந்தால், என் பார்வையில், அது பாதி வேலைகூட இல்லை. உண்மையான ரத்தத்தில் மின்முனையை இறக்கிய சில நிமிடங்களிலேயே புரதங்கள் படியத் தொடங்கும், மின்னோட்டம் மெல்ல நழுவும். இதைத் தடுக்கப் பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற நீரை விரும்பும் பூச்சுகளைத் தடவுவார்கள், அல்லது காலியான இடத்தையெல்லாம் தீங்கற்ற ஒரு புரதத்தால் முன்கூட்டியே நிரப்பிவிடுவார்கள். சிவப்பணுக்களின் விகிதமும் தொல்லை தரும்: அது அதிகமானால் பல பட்டைகள் சர்க்கரையைக் குறைத்துக் காட்டும், நல்ல கருவிகள் அதைத் தனியாக அளந்து திருத்திக்கொள்கின்றன. இத்தனைக்குப் பிறகும் எல்லாக் கருவியும் ஒரே எண்ணைக் காட்டாது. ரத்தச் சர்க்கரைக் கருவிகளுக்கான 2013-ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ 15197 என்ற சர்வதேசத் தரநிலை கேட்பதே, டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 95 சதவீத முடிவுகள் 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்கவேண்டும் என்பதுதான். ஒரே விரலில் அடுத்தடுத்துப் பார்த்து 130, 141 என்று வந்தால் பதற வேண்டியதில்லை.

உடலிலேயே தங்கும் உணரிக்குச் சோதனை இன்னும் கடுமை. சந்தையில் உள்ள தொடர் குளுக்கோஸ் உணரிகள் பெரும்பாலும் தோலுக்கடியில் உள்ள திசுத்திரவத்தை அளக்கின்றன. ரத்தச் சர்க்கரை வேகமாக மாறும்போது அவை சில நிமிடங்கள் பின்தங்கும். உடல் அந்த உணரியை அந்நியப் பொருளாகக் கருதி அதைச் சுற்றி வேலி போடத் தொடங்கும் என்பதால் இரண்டு வாரம் போலத் தாக்குப்பிடிப்பதே சாதனைதான். குளுக்கோஸுக்கு இது முடிகிறது, ஏனென்றால் நொதி ஒரு மூலக்கூறை மாற்றியதும் அடுத்ததுக்குத் தயார். ஆன்டிபாடி அப்படி இல்லை. பிடித்ததை எளிதில் விடாது, ஒருமுறை நிரம்பினால் அவ்வளவுதான். எனவே மற்ற மூலக்கூறுகளைத் தொடர்ந்து கவனிக்க, பிடிக்கவும் விடவும் தெரிந்த ஒன்று வேண்டும். ஆப்டாமர்கள் மீது இவ்வளவு நம்பிக்கை வைக்கப்படுவது அதனால்தான். 2013-இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில், உயிருள்ள எலிகளின் ரத்தத்தில் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தின் அளவு ஏறி இறங்குவதை ஆப்டாமர் உணரி மணிக்கணக்கில் நேரடியாகப் பின்தொடர்ந்தது. பின்னர் இத்தகைய உணரிகளை ரத்தக்குழாய்க்குள்ளேயே நிறுத்தியும் அளந்தார்கள். இழைகள் தங்கத்திலிருந்து மெல்ல உதிர்வதும் புரதம் படிவதும் அந்த மணிக்கணக்கை நாள்கணக்காக மாறவிடாமல் தடுக்கின்றன. இத்துறையில் பல ஆய்வகங்கள் இப்போது மல்லுக்கட்டுவது அந்த இரண்டோடுதான்.